களைநெல்லின் குடி

அந்தப் போகம் மனைவியின் சீதன வயலை நானும் அவளுடைய அண்ணனும் சேர்ந்து விதைநெல்லுக்கென்று செய்தோம். மச்சான் எங்கள் ஊரான பாலமுனையில் ஒரு தேநீர்க்கடையையும் விடவில்லை. அடுத்த போகம் ஊரே எங்கள் நெல்லைத்தான் விதைக்கப் போகிறது என்று எல்லாவற்றிலும் சொல்லிவிட்டார். கதிர் வந்த பிறகுதான் கண்டோம், பயிருக்குள் களைநெல்லும் தலை நீட்டி நிற்கிறது. பரிசோதிக்க வரும் விதை அதிகாரி அதைப் பார்த்தால் கதை முடிந்தது. நெல் ஆலைக்குப் போகும், மச்சானின் மானம் தேநீர்க்கடைக்குப் போகும்.

"மருந்தடிச்சா என்ன மச்சான்?" என்று என்னைக் கேட்டார்.

"பயிரும் சேர்ந்து சாகும். ரெண்டும் ஒரே இனம்."

நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் இருந்தவனல்ல. பழைய உயிரியல் புத்தகங்களைத் தேடி வாசிப்பவன். வாசித்தால் யாருக்காவது சொல்லாமல் இருக்கவும் முடியாது. வரம்பில் குந்திக்கொண்டு விளக்கினேன். தமக்குள் கூடி, பிறகு தாமும் பிள்ளை பெறக்கூடிய பிள்ளைகளைப் பெறுகிறவை ஓர் இனம் என்பது உயிரியலாளர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. களைநெல்லின் மகரந்தம் பயிரில் பிடிக்கிறது, அந்த விதை முளைக்கிறது, அதுவும் கதிர் தள்ளுகிறது. அப்படியென்றால் ஒரே இனம்.

மச்சான் தாடியைத் தடவினார். எங்கள் பக்கத்தில் குடி தாய்வழியாக வரும். ஒரே குடிக்காரர் உடன்பிறந்தவர் மாதிரி. அவர்களுக்குள் கலியாணம் பேசுவதில்லை.

"கலியாணம் முடிக்கிதெண்டா ரெண்டும் வேற வேற குடிதானே? ஒரே குடிக்குள்ள எப்பிடி முடிக்கும்? அதிகாரி சேர் வந்தா இதையே சொல்லுங்க."

இனம் வேறு, குடி வேறு என்றேன். புது இனம் உண்டாகும் விதத்தைச் சொல்லிப் பார்த்தேன். இடையில் ஓர் ஆறோ மலையோ வந்து பிரித்தால், அல்லது ஒன்று முந்தியும் மற்றது பிந்தியும் பூத்தால், கலப்பு நின்றுபோகும். தலைமுறை தலைமுறையாக இரண்டும் தனித்தனியே மாறி, கடைசியில் பக்கத்தில் நட்டாலும் சேராது.

"அதுக்கு எவ்வளவு காலம் புடிக்கும்?"

"ஆயிரம் போகமெண்டாலும் காணாது."

"சேர் வாற கிழமை வாறார் மச்சான்."

ஆகவே கையால் பிடுங்கினோம். உயரமாக நின்றது, நிறம் மாறியது, நெல்மணியில் வால் நீண்டது எல்லாவற்றையும் பிடுங்கினோம். வயல் சீவி விட்ட தலை மாதிரி ஆனது.

அதிகாரி வந்தார். வயலுக்குள் இறங்கி, பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாத ஒரு கதிரைப் பிடித்து மெதுவாக உலுக்கினார். மணிகள் அவருடைய உள்ளங்கையில் கொட்டுண்டன. நல்ல நெல் அப்படிக் கொட்டாது. இன்னொன்று, இன்னொன்று. "இது விதைக்கு ஆகாது" என்றார்.

"நெல்லு மாதிரியே நிக்கிதே சேர்" என்றார் மச்சான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முன்பு சோற்றுக்கு விளைவித்தபோதும் போகத்துக்குப் போகம் வேறாகத் தெரிந்ததை எல்லாம் பிடுங்கியே வந்தோம். நெல்லைப் போல நின்றது எங்கள் கைக்குத் தப்பி விதை கொட்டியது. எங்கள் கண்ணை ஏமாற்றும் களையை நாங்களேதான் பொறுக்கியெடுத்து வளர்த்திருக்கிறோம். வீடு திரும்பும் வழியில் இதை மச்சானிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு தேநீர்க்கடையில் ஒருவர் மச்சானை அண்ணன் முறையில் அழைத்துக் கேட்டார்: "என்ன காக்கா, விதைநெல்லு எப்ப தருவீங்க?"

மச்சான் தேநீரை ஆற்றினார். "அது சின்ன விசயம். நாங்க புதுசா ஒரு நெல்லு உண்டாக்கியிருக்கம். பேர்தான் இன்னும் வெக்கல்ல. மச்சானிட்ட கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மறுக்க நினைத்தேன். பொறுக்கி வளர்த்தால் புது வகை உண்டாகும் என்று, வாசித்த அத்தனை புத்தகமும் மச்சான் பக்கம் நின்றது.