கைதி ராணியும் டத்தோ கிடாயும்

பத்து வயதில் நான் மூன்று வாரம் ராணியாக இருந்தேன். அரியணையில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ராணி இல்லை; போரில் தோற்று, ரோமாபுரிக்குக் கைதியாக இழுத்து வரப்பட்ட ராணி. மலேசியாவில் சபாக் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் பெற்றோர் தின விழா என்றால் எல்லா வருடமும் கோலாட்டம்தான். அந்த வருடம் புதிதாக வந்த டீச்சர், தான் கல்லூரியில் படித்த ஏதோ ஒரு பழைய ரோமானியச் சோக நாடகத்திலிருந்து ஒரு காட்சியை எடுத்துத் தமிழில் எழுதிக்கொண்டு வந்துவிட்டார்.

காட்சி இதுதான். ஜெயித்த தளபதி ஊர் திரும்புகிறான். போரில் செத்துப்போன தன் பிள்ளைகளின் ஆவி சாந்தியடைய ஒரு நரபலி கொடுப்பதாக நேர்ந்திருக்கிறான். அந்தப் பலிக்காகப் பிடித்து வைத்திருப்பது ராணியின் மூத்த மகனை. ராணி மண்டியிட்டுக் கெஞ்ச வேண்டும். “தளபதியாரே, தோற்றவர்களிடம் எடுத்துக்கொள்ள நாடு இருக்கிறது, பொன் இருக்கிறது, நான் இருக்கிறேன். இந்த ஓர் உயிரை மட்டும் என்னிடம் விட்டுவிடுங்கள்” என்று கையேந்த வேண்டும். தளபதி, “சாமிக்குச் சொன்னது சொன்னதுதான். கொண்டு போங்கள்” என்பான். திரை விழும்.

தளபதியாக நடித்தவன், மண்டோர் என்று நாங்கள் சொல்லும் தோட்டத்துக் கங்காணியின் மகன். அவனுக்கு அந்த ஒரே வசனம்தான், அதையும் மூக்கைச் சொறிந்துகொண்டே சொல்வான். எனக்கு அது பொறுக்கவில்லை. மெல்லக் கேட்டுப் பார்த்தேன், கத்திக் கேட்டுப் பார்த்தேன், ஒருநாள் நிஜமாகவே அவன் காலைப் பிடித்துக்கொண்டேன். அப்போதும் “கொண்டு போங்கள்”தான். சரியான விதத்தில் கேட்டால் அவன் மனம் மாறிவிடும் என்று எனக்குள் ஓர் எண்ணம். அந்தச் சரியான விதம் எது என்று கண்டுபிடிப்பதுதான் அப்போது எனக்கு முழுநேர வேலை.

“அவன் ஏன் டீச்சர் எரக்கப்பட மாட்டேங்கிறான்? கெட்டவனா?” என்று கேட்டேன்.

“கெட்டவன் இல்லம்மா. நேர்ந்துட்டான்” என்றார் டீச்சர். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஒத்திகையின் இரண்டாவது வாரம், செகிஞ்சான் வயல் ஓரத்தில் அப்பாவின் லோரி நெல் பாரத்தோடு வாய்க்காலில் கவிழ்ந்தது. வலது கால் நசுங்கிவிட்டது. கிள்ளானில் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். காயத்தில் சீழ் வைத்துவிட்டது, திங்கட்கிழமை மறுபடி பார்ப்போம், குறையவில்லை என்றால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். லோரி ஓட்டுகிறவருக்குக் கால் போனால் அப்புறம் என்ன இருக்கிறது? அம்மா அன்றைக்கே முனியாண்டிக்கு ஒரு கிடாய் நேர்ந்துகொண்டாள். கால் தப்பட்டும், பிறகு தருகிறேன் என்று சாமியிடம் பேரம் பேசும் தைரியம் அவளுக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமையே கொடுத்துவிடுவதென்று முடிவு செய்தாள்.

கொடுக்க எங்களிடம் இருந்தது டத்தோ. கறுப்புக் கிடாய். தாடியும் நடையும் பெரிய மனுஷத் தோரணையில் இருந்ததால், சுல்தான் பெரிய மனிதர்களுக்குக் கொடுக்கும் அந்தப் பட்டத்தையே மாமா பெயராக வைத்துவிட்டார். தாய் ஆடு செத்துப்போய், பால் புட்டியில் அதை வளர்த்தவள் நான்.

“வேற ஆடு வாங்கிக் குடுக்கலாம்மா” என்றேன்.

“நம்ம வளத்ததக் குடுத்தாதான்டி குடுத்த மாதிரி” என்றாள் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்கு ஒரு வழி மிச்சம் இருந்தது. எங்கள் கோயிலில் ஆட்டின் சம்மதம் இல்லாமல் வெட்ட மாட்டார்கள். தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆடு உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். மூன்று முறை ஊற்றியும் சிலுப்பவில்லையென்றால் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் முழுக்க நான் கொல்லைப்பக்கத்தில் டத்தோவின் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். சிலுப்பாமல் நின்றால் ஒரு பிஸ்கட். பிஸ்கட்டுக்காக டத்தோ எதையும் செய்யும். ஒரு பாக்கெட் தீர்வதற்குள் பாடம் படிந்துவிட்டது. மண்டோர் மகனைவிட அது நன்றாகவே ஒத்திகை பார்த்தது.

மறுநாள் காலை செம்பனை மரங்களுக்கு நடுவே முனியாண்டி கோயிலில் கூட்டம் கூடியது. மாமாதான் பூசாரி. பாராங் கத்தியைச் சாமி காலடியில் வைத்துவிட்டு முதல் செம்புத் தண்ணீரை ஊற்றினார். டத்தோ அசையவில்லை. பிஸ்கட் எங்கே என்று என்னைப் பார்த்தது. இரண்டாவது செம்புக்கும் அப்படியே நின்றது.

“என்னமோ குத்தம் இருக்குலா” என்றது ஒரு குரல்.

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்து டத்தோவின் தாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “ஒத்துக்க சாமி. அவரு கால மட்டும் விட்டுரு சாமி. என்னைய என்ன வேணும்னாலும் செஞ்சுக்க. ஒரே ஒரு தடவ தலைய ஆட்டிரு” என்று கெஞ்சினாள். அம்மா அழுது நான் பார்த்ததே அன்றுதான். என்னைவிட நன்றாகக் கெஞ்சினாள். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. அதைவிட, டத்தோ இளகிவிடுமோ என்று பயம் வந்துவிட்டது.

மாமா மூன்றாவது செம்பைத் தூக்கினார். நான் ஓடிப்போய் அவர் முன்னால் மண்டியிட்டேன்.

“தளபதியாரே” என்றுதான் வாயில் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. நாடு இருக்கிறது, பொன் இருக்கிறது என்று முழு வசனத்தையும் சொன்னேன். ஒத்திகையில் ஒருநாளும் வராத கண்ணீர் தானாக வந்தது. மாமா செம்பைக் கீழே இறக்கிவிட்டார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. இத்தனை நாள் தேடிய சரியான விதம் இதுதான் என்று எனக்குத் தெரிந்துபோனது. “இந்த ஓர் உயிரை மட்டும்” என்று சொல்லும்போது அடக்க முடியாமல் டத்தோவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அதன் காதில் வாயை வைத்து, “டத்தோ, டத்தோ” என்று விசும்பினேன்.

காதுக்குள் மூச்சுக் காற்று போனால் எந்த ஆடு சும்மா நிற்கும்? தலை முதல் வால் வரை ஒரே சிலுப்பு. மஞ்சள் தண்ணீர் என் முகமெல்லாம் தெறித்தது.

“உத்தரவு குடுத்துட்டாரு!” என்று கூட்டம் கூவியது. உருமி முழங்கியது. யாரோ என்னைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போனார்கள். அங்கே நின்று நான் கேட்ட சத்தத்தைப் பற்றி இன்றைக்கும் என்னால் எழுத முடியாது.

சற்று நேரத்தில் அம்மா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். “ஒன் வாயால கேட்டதுக்குத்தான்டி சாமி எறங்குச்சு. எங்கடி கத்துக்கிட்ட இப்படிக் கேக்க?” என்று கன்னத்தில் முத்தமிட்டாள். நான் அப்பாவுக்காகக் கெஞ்சியதாகவே நினைத்துவிட்டாள். “நாடகத்துல ராணி பேசுறது” என்று மட்டும் கோபமாகச் சொன்னேன்.

மத்தியானம் மாமாவின் வேனில் கிள்ளானுக்குப் புறப்பட்டோம். அப்பாவின் கால் தப்பிவிட்டது, இன்றும் அதே காலால்தான் பிரேக் மிதிக்கிறார். ஆனால் அது மறுநாள் தெரிந்த சங்கதி. அந்த வேனில் யாருக்கும் அது தெரியாது. அம்மா திருநீற்றுப் பொட்டலத்தை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தபடி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். செகிஞ்சான் வயல் தொடங்கிய இடத்தில் மெதுவாகக் கேட்டாள்.

“நீ பேசுனியே அந்த ராணி வசனம், அத இன்னொருக்கா சொல்லு.”

ஒப்பிப்பதுபோல் சொன்னேன். அவள் உதடுகளும் சத்தமில்லாமல் கூடவே அசைந்தன.

“கடசில அவன் விட்டுட்டானா?”

“இல்ல. வெட்டிட்டாங்க.”

தஞ்சோங் காராங் பாலம் தாண்டியதும் அம்மா மறுபடி என் பக்கம் திரும்பினாள்.

“நல்லா யோசிச்சுச் சொல்லு கண்ணு. எரக்கப்பட்டு விட்டுர்ற மாதிரி ஒண்ணும் வராதா அதுல?”

“வராது. எப்படிக் கேட்டாலும் விடமாட்டான். அவ்ளோதான்.”

அம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஜெராம் தாண்டியும் திரும்பவில்லை. டத்தோவுக்கு நியாயம் கேட்டுவிட்ட நிறைவோடு நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். அம்மா நாடகத்தைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.