ரங்கண்ணன் வைத்த தழை

வாளையார் செக்போஸ்டில் வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு லாரிக்காரர் என் வண்டிக்கு நேராக வந்ததும் வேகத்தைக் குறைத்துத் தலையை வெளியே நீட்டினார். "ஏனுங்க, சேதி தெரியுமுங்களா? கொழிஞ்சாம்பாறை ரங்கண்ணன் போயிட்டாருங்க. காலைல டீ குடிச்சுப்போட்டு உக்காந்தவரு அப்படியே சாஞ்சுட்டாருங்களாம்." பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் போய்விட்டார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இந்த மனிதர் போய்விட்டார், அந்த மேனேஜர் இன்னும் உயிரோடு இருக்கிறாரே என்றுதான் நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு நான் வெட்கப்படவில்லை. அண்ணனைத் தெரிந்த யாரும் என்னைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நம் டிரைவர் சங்கத்து ஆண்டு மலரில் அவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது பொறுமைசாலி, யாரோடும் பகை இல்லாதவர் என்று எழுதுவது வழக்கம். ரங்கசாமி அண்ணன் பொறுமைசாலி இல்லை. வாயைத் திறந்தால் வசவுதான். பகை என்றால் சோறு தண்ணீர் போல அதை வைத்துக் காப்பாற்றுவார். "மறந்துபோடுன்னு சொல்றவனெல்லாம் அடி வாங்காதவனுங்க" என்பார். நல்லவர் என்று எழுதினால் அவரே எழுந்து வந்து என்னை உதைப்பார். ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

இடுக்கியில் அணைக்கட்டு வேலை நடந்துகொண்டிருந்த காலம். கொழிஞ்சாம்பாறையில் ஒரு லாரிக் கம்பெனி இருந்தது. அதன் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அவர்களுக்கு விளம்பரம். கடலைப் பிண்ணாக்கும் உரமும் ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சி, தேனி, கம்பம் வழியாகக் குமுளி மலை ஏறி ஆனைக்கரை ஏலத்தோட்டங்களில் இறக்குவோம். ஏலக்காய் மூட்டையோடு திரும்புவோம். நான் ஆனைக்கரைத் தோட்டத்தில் பிறந்தவன், மலை வளைவெல்லாம் தெரியும் என்று வேலைக்கு எடுத்தார்கள். அண்ணன் எனக்கு முன்பே அங்கே ஓட்டிக்கொண்டிருந்தார்.

டீசல் விலை ஏறிய வருஷம்தான் புது மேனேஜர் வந்தார். வந்ததும் கிளீனர்களை நிறுத்தினார். ஒரு வண்டிக்கு ஒரு ஆள் போதுமாம். மலை இறக்கத்தில் நியூட்ரலில் விடச் சொன்னார், டீசல் மிச்சமாகுமாம். தூங்காமல் அடுத்த லோடு ஏற்ற வேண்டும். மூட்டை நனைந்தால் எங்கள் படிக்காசில் பிடிப்பார், ஆனால் தார்ப்பாய் கிழிந்திருந்தால் மாற்ற மாட்டார். மொட்டை டயரைக் காட்டினால், "உருளுதா இல்லையா? உருண்டா போதும்" என்பார். ஒரு நாள் அண்ணன், "அப்படீன்னா உங்க தலைய மாட்டி ஓட்டறனுங்க, அதுவும் மொட்டையாத்தான இருக்குது" என்றார். ஷெட்டே சிரித்தது. மேனேஜர் அந்தச் சிரிப்பை மறக்கவில்லை. அதில் மட்டும் அவரும் அண்ணனும் ஒரே ஜாதி.

தழை வைப்பதைப் பற்றி நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலரை வீட்டில் உள்ளவர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். மலை ரோட்டில் வண்டி நின்றுவிட்டால், பின்னால் வருகிறவனுக்குத் தெரிய, பச்சைத் தழையை வெட்டி ரோட்டில் போட்டு, கல்லை வரிசையாக வைப்போம். வளைவுக்கு இந்தப் பக்கமே தழையைப் பார்த்தவன் பிரேக்கில் காலை வைத்துவிடுவான். அண்ணனின் சீட்டுக்கு அடியில் இதற்கென்றே ஒரு கொடுவாள் இருக்கும். புறப்படும்போது தழையையும் கல்லையும் ஓரத்தில் ஒதுக்கிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். "வெக்கறது பெருசில்லீங்க. போறப்ப எடுக்காம உட்டான்னா அவன் டிரைவரில்லை, கொலைகாரன்" என்பார்.

அன்றைக்குக் காதர் வண்டி, அண்ணன் வண்டி, என் வண்டி மூன்றும் ஒன்றாக மலை ஏறின. காதர் பாலக்காட்டு ராவுத்தர் வீட்டுப் பையன். கல்யாணமாகி ஒரு கைக்குழந்தை இருந்தது. ஒரு கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் அவன் வண்டியின் ஆக்சில் முறிந்தது. அண்ணனும் நானும் அவனைத் தாண்டிப் போய் மேலே எங்கள் வண்டிகளை ஓரங்கட்டினோம். அண்ணன் இறங்கி வந்து தழை வெட்டி வைத்தார், கல் அடுக்கினார். கீழே கம்பத்துக்குப் பக்கத்துக் கூடலூருக்குப் போய் வேறு ஆக்சில் வாங்கி வருவதாக ஒரு பஸ்ஸில் ஏறிப் போனார். காதர் ஜாக்கி வைத்து வண்டிக்கு அடியில் படுத்தான். கிளீனர் இல்லாததால் நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் மேனேஜரின் ஜீப் மேலே ஏறி வந்தது. ஆனைக்கரைத் தோட்ட முதலாளி பின்னால் காரில் வருகிறார் என்றும், கம்பெனி வண்டி தழையும் கல்லுமாக நடுரோட்டில் படுத்துக் கிடப்பதை அவர் பார்த்தால் கான்ட்ராக்ட் போய்விடும் என்றும் கத்தினார். "எல்லாத்தையும் எடு. சும்மா ஓரமா நிறுத்தின மாதிரி இருக்கட்டும்" என்றார்.

"வளைவு சார், எடுக்காதீக. காதர் அடியில கெடக்கான்" என்றேன்.

அவரே குனிந்து தழையை அள்ளிப் பள்ளத்தில் எறிந்தார். கல்லையெல்லாம் காலால் உருட்டிவிட்டார். ஜீப் போன பிறகு, புதுத் தழை ஒடிக்க நான் மேட்டில் ஏறினேன். என் கை கிளையைப் பிடிப்பதற்குள் அணைக்கட்டுக்குச் சிமெண்டு ஏற்றி வந்த லாரி வளைவு திரும்பிவிட்டது. பாவம், அந்த டிரைவர் மெதுவாகத்தான் வந்தார். லேசான இடிதான். ஆனால் ஜாக்கி சரிந்துவிட்டது. காதர் சத்தம்கூடப் போடவில்லை.

போலீஸ் வந்து பார்த்த பிறகு, சேதி கேட்டுத் திரும்பி வந்த மேனேஜரிடம் உடலைக் கீழே கொண்டுபோக ஜீப்பைக் கேட்டோம். ஜீப்பில் ரத்தம் படும் என்றார். அதற்குள் திரும்பியிருந்த அண்ணன் காதரைத் தூக்கித் தன் வண்டியில், பிண்ணாக்கு மூட்டைகளின் மேல் படுக்க வைத்துத் தார்ப்பாயை மூடினார். அந்த மனிதர் வாயை மூடி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

விசாரணையில் மேனேஜர் சொன்னது இது: டிரைவர் தழை வைக்கவில்லை, அவனுடைய கவனக்குறைவு, ஆகவே கம்பெனிக்குப் பொறுப்பில்லை. எங்கள் இருவர் சாட்சியையும் கூட்டாளிகளின் பேச்சு என்று தள்ளிவிட்டார்கள். காதரின் மனைவி ஜைனபு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றிருந்தாள். அவள் நஷ்டஈடு கேட்கவில்லை. "ரோட்டுல தழை வெக்கக்கூடத் தெரியாதவரா அவரு? எழுதிப்புட்டாங்களேண்ணே" என்று அதையே சொல்லிச் சொல்லி அழுதாள். அண்ணனுக்கு முகம் கறுத்துவிட்டது. "நான் வெச்ச தழைங்க அது. என்ற கையில வெட்டி வெச்சது. இல்லேன்னு சொல்லிப்போட்டான். அவன் வாயாலயே இருந்துதுன்னு சொல்ல வெக்கலைன்னா நான் ரங்கசாமி இல்லை" என்றார்.

மறுநாள் காலையில் மேனேஜர் வந்தபோது ஷெட் கேட்டுக்கு முன்னால் பச்சைத் தழை மலைபோல் கிடந்தது. அதற்கு முன் கல் வரிசை. ஒரு வண்டியும் வெளியே போகவில்லை. சமரம், அதாவது ஸ்டிரைக், என்று நாங்கள் சொல்லவே இல்லை. இந்தக் கம்பெனி பிரேக்டவுன் ஆகிவிட்டது, அதனால் தழை வைத்திருக்கிறோம் என்று அண்ணன் போலீஸ்காரரிடமே விளக்கம் சொன்னார். தழை வாட வாடப் புதிது வெட்டிப் போட்டோம். கடைசியில் கம்பெனி இறங்கி வந்தது. வண்டிக்கு ஒரு கிளீனர் வந்தான், டயர் மாறியது, நியூட்ரல் உத்தரவு போயிற்று. எல்லாம் கிடைத்தது, காதரின் மேல் எழுதிய பழி மட்டும் அப்படியே நின்றது. அண்ணனுக்கு வேலையும் போயிற்று. அவர் பொள்ளாச்சிக்காரர் ஒருவரின் வண்டியை ஓட்டப் போனார். குமுளி ரோட்டை மட்டும் விடவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும்.

அந்த நாள் வந்தது. மழை மேகம் இறங்கியிருந்த ஒரு பிற்பகல். அண்ணன் வண்டி முன்னால், என் வண்டி பின்னால், இருவரும் மலை இறங்கிக்கொண்டிருந்தோம். வளைவில் ஒரு கார் நின்றிருந்தது. பக்கத்தில் வெள்ளைச் சட்டையோடு மேனேஜர். தழையும் இல்லை, கல்லும் இல்லை. அண்ணன் வண்டியை நிறுத்தி, சிரித்துக்கொண்டே இறங்கினார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது.

"ரங்கசாமி, கூடலூர்ல இறக்கி விடு. மெக்கானிக்கைக் கூட்டி வரணும்."

"உடறனுங்க. மொதல்ல தழை வெக்கோணுமுங்க. வளைவுங்க இது."

"நீயே வெட்டி வையேன்."

"நான் வெச்சா நீங்க பள்ளத்துல எறிஞ்சுபோடுவீங்க. உங்க கையாலயே வெட்டுங்க." கொடுவாளை எடுத்து அவர் கையில் கொடுத்தார். மேனேஜர் வெட்டினார். சட்டையெல்லாம் சேறு. அவர் ஒவ்வொரு தழையாக இழுத்து வந்து போடுவதற்குள் பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன. டிரைவர்கள் இறங்கி வந்து நின்றார்கள். யாரும் உதவிக்குப் போகவில்லை.

"இப்பச் சொல்லுங்க. அன்னைக்குக் காதரு வண்டிக்குத் தழை இருந்துதுங்களா, இல்லீங்களா?"

மேனேஜர் சட்டையிலிருந்த சேற்றைத் தட்டினார். மழை பிடித்துக்கொண்டது. "எங்களுக்கு அவசரமில்லீங்க" என்று அண்ணன் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார். எல்லோரும் நனைந்துகொண்டே நின்றோம். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அந்த மழை விடவே கூடாது என்று இருந்தது.

"இருந்தது" என்றார் மேனேஜர்.

"ஆருங்க எடுத்தது?"

"நான்தான்."

"கடைசி வண்டிக்காரருக்குக் கேக்கலீங்க."

அவர் கத்திச் சொன்னார். மலை அதைத் திருப்பிச் சொன்னது. பிறகு கேபின் பக்கம் போனவரை அண்ணன் தடுத்தார். "உள்ள எடமில்லீங்க. மேல மூட்டை மேல ஏறுங்க. காதரு வந்த எடம்தானுங்க அது." கூடலூர் வரை மேனேஜர் மழையில் மூட்டை மேல் உட்கார்ந்து வந்தார். பின்னால் வந்த நான் வைப்பரைப் போட்டு நன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அன்று மழையில் நின்ற டிரைவர்கள், வெவ்வேறு கம்பெனிக்காரர்கள், ஜைனபுவுக்காகச் சாட்சி சொன்னார்கள். இந்தத் தடவை தள்ள முடியவில்லை. காதர் மேல் குற்றமில்லை என்று எழுதினார்கள், நஷ்டஈடும் வந்தது. மேனேஜருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. இன்று அவருக்குச் சொந்தமாக லாரிகள் இருக்கின்றன. அவரை மன்னித்துவிடலாமே என்று ஒரு முறை அண்ணனிடம் சொல்லிப் பார்த்தார்கள். "காதரு வந்து சொல்லட்டும், மன்னிக்கறேன்" என்றார்.

அண்ணனின் சாவு எடுப்புக்கு மேனேஜரும் வந்தார். புதுக் காரில், ஆள் உயர மாலையோடு. டிரைவர்கள் கூடியிருக்கும் இடம், அவருக்கும் டிரைவர்கள் வேண்டுமே. கார் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்ததும் ஜைனபு என்னிடம் வந்தாள். "அண்ணனோட கொடுவா எங்க இருக்கு?" என்றாள். வாசலில் நின்ற அவர் வண்டியின் சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவள் முனையிலிருந்த வேம்பில் ஒரு கிளையை வெட்டி, காருக்கு முன்னால் ரோட்டில் போட்டாள். நாங்கள் ஆளுக்கொரு கல்லை எடுத்து வைத்தோம். மேனேஜர் கண்ணாடி வழியாகத் தழையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கார் பின்னாலேயே போய்த் திரும்பிக்கொண்டது. மாலையும் அதோடு போயிற்று.

அண்ணனைத் தூக்குவதற்கு முன் தழையையும் கல்லையும் எடுத்து ஓரத்தில் போட்டோம். இல்லாவிட்டால் அவருக்குப் பிடிக்காது.

கொடுவாளை அண்ணனின் மனைவி என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார். இப்போது அது என் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு வந்தவை அதுவும் அவருடைய பகையும்தான். இரண்டையும் துருப்பிடிக்க விடவில்லை. மேனேஜர் இன்னும் காரில் மலை ஏறிக்கொண்டிருக்கிறார். என்றைக்காவது அது மறுபடியும் நிற்கும். நானும் அந்த ரோட்டில்தான் ஓட்டுகிறேன்.