ஒரே டிராலியில் யானையும் பியூஸும்

எனக்குப் பயம் வந்தால் முதலில் தெரிவது வயிற்றுக்குத்தான். மூளைக்குத் தகவல் அப்புறம்தான் போகும். அதனால் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் கழிப்பறை எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் நாற்காலியைப் பார்ப்பேன். எங்கள் பீங்கான் உற்பத்தியாளர் சங்கத்தில் கழிப்பறைச் சாவி தலைவரிடம் இருந்தது. அவரை நான் எதிர்த்துப் பேசாமலே காலம் தள்ளியதற்குக் கொள்கை ஒன்றும் காரணமில்லை.

நான் செய்வது பீங்கான் யானை, பிள்ளையார், அகல் விளக்கு. என்னைப்போன்ற சிறு பட்டறைக்காரர்களுக்குச் சொந்தச் சூளை கிடையாது. அரசின் பொதுச் சூளையில்தான் சுடுகிறோம். இரும்புச் சக்கரம் வைத்த டிராலியில் சரக்கை அடுக்கி உள்ளே தள்ளுவார்கள். ஒரு டிராலியில் நாலைந்து பேர் சரக்கு போகும். திடீரென்று மாவட்ட அதிகாரியிடமிருந்து ஓர் உத்தரவு வந்தது: இனி ஒரு டிராலி ஒரு பட்டறைக்கு மட்டும். முழு டிராலியை நிரப்ப முடியாதவர்கள் வர வேண்டாம்.

விருத்தாசலத்தில் உள்ள யானைப் பிரியர்கள் எல்லாரும் ஒரே நாளில் ஆர்டர் கொடுத்தாலும் என்னால் ஒரு டிராலி நிரம்பாது. உத்தரவு நிலைத்தால் என் பட்டறை நிற்கும். தலைவருக்குச் சொந்தச் சூளை இருந்தது. பொதுச் சூளை கைவிட்டால் நாங்கள் அவர் சூளைக்குத்தான் வாடகைக்குப் போக வேண்டும். உத்தரவைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் அவர், "பாக்கலாம், பாக்கலாம்" என்றார். அவருக்குக் கண் நன்றாகத் தெரியும். ஆனாலும் பார்க்கவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் சிறுதொழில் சங்கங்களுக்கு அரசாங்கத்திடம் பேசக் கற்றுக்கொடுக்கும் சென்னை அமைப்பு ஒன்று ஒரு மேடத்தை அனுப்பியது. ஜங்ஷனில் இறங்கி ஆட்டோ பிடித்து வந்த அவருக்கு நாங்கள் டீ கொடுத்தோம். மரியாதை அதோடு முடிந்தது.

முதல் கேள்வியைப் பியூஸ் பாய் கேட்டார். மின்சாரப் பெட்டிக்கான பீங்கான் பியூஸ் கட்டை செய்பவர். துபாயில் இருந்துவிட்டு வந்தவர். என்னை அவருக்குப் பிடிக்காது. என் யானை ஈரம் காயாமல் சூளைக்குப் போனால் உள்ளே வெடிக்கும். வெடித்த சில்லு பக்கத்திலிருக்கும் அவர் சரக்கில் போய் ஒட்டிக்கொள்ளும்.

"மேடம், நீங்க சூளையைப் பாத்திருக்கீங்களா?"

"இல்லை. நீங்க இதுவரைக்கும் அரசாங்கத்துக்கிட்ட கேட்டு வாங்கின ஏதாவது ஒண்ணைப் பாத்திருக்கீங்களா?"

பாய் உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

போன முறை அதிகாரியிடம் எப்படிப் போனீர்கள் என்று மேடம் கேட்டார். அது இவருக்கு முன்பிருந்த அதிகாரி. தலைவர் பெருமையாகச் சொன்னார். சால்வை, போட்டோ, பிறகு மனு. அதில் சாக்கடை, பஸ் நிறுத்தம், களிமண் லாரிக்கு ரோடு, தெருவிளக்கு, மின்கட்டணம் எல்லாம் கேட்டிருந்தோம்.

"எது கிடைச்சுது?"

"தெருவிளக்கு."

"எரியுதா?"

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கம்பம் நல்லாதான் இருக்குது."

மேடம் சிரிக்கவில்லை. "எல்லாத்தையும் கேட்டா, எது அவங்களுக்குச் சுலபமோ அதைக் குடுத்துட்டு அனுப்பிடுவாங்க. இந்தத் தடவை சூளை மட்டும். அந்த உத்தரவை ஏன் போட்டாரு, அவருக்கு என்ன தலைவலின்னு முதல்ல யோசிங்க" என்றார். பிறகு ஒத்திகை பார்க்கலாம் என்றார். ஒருவர் அதிகாரியாக உட்கார வேண்டும். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கல்யாண வீடுகளில் மிமிக்ரி செய்து கெட்ட பெயர் வாங்கியவன் நான்.

அதிகாரியாக இருப்பது அவ்வளவு சுகம் என்று எனக்கு அதற்குமுன் தெரியாது. மூக்கால் பேசினேன். வந்தவர்களை நிற்கவைத்தேன். பாய் பேச ஆரம்பித்தபோது போனை எடுத்து, மறுமுனையில் இல்லாத பெண்டாட்டியிடம் கத்திரிக்காய் விலை விசாரித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். பாய் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு, "சேந்து சுடலைன்னா எங்க தொழிலே போயிடும் சார்" என்றார்.

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "நீங்கதானே ஒருத்தர் மேல ஒருத்தர் மனு போட்டீங்க? அவன் சில்லு என் சரக்குல ஒட்டிக்கிச்சு, இவன் கிளேஸ் பூச்சு என் சரக்குல ஒழுகிச்சுன்னு வாரா வாரம் எழுதுனீங்க. பிரிச்சு விட்டுட்டேன். இப்ப என்னா?"

சிரிப்பு நின்றது. நகைச்சுவையாகச் சொல்ல நினைத்தது உண்மையாகப் போய்விட்டது. அடுத்த நிமிடம் கூடம் சந்தையானது. யார் யார்மேல் எழுதினார்கள் என்று பழைய கணக்கெல்லாம் வெளியே வந்தது. என்மேல் எழுதியவர்களில் பாய்தான் முதலிடம். பாய்மேல் எழுதியவர்களில் நானும் சுமாரான இடத்தில் இருந்தேன். தலைவர் மட்டும் நிம்மதியாக டீ குடித்தார்.

மேடம் மேஜையைத் தட்டினார். "அதிகாரியோட தலைவலி இதுதான். அவர் கேக்குறதுக்கு முன்னாடி நீங்களே இதைச் சொல்லிடணும்."

"நம்ம தலையில நாமே மண்ணை வாரிப் போட்டுக்கணுமா?" என்றார் தலைவர். "அங்க இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. அதிகாரி மாதிரி இவ்வளவு அழகா பேசினாரே, அதிகாரிகிட்டயும் இவரே பேசட்டும்."

கை தட்டினார்கள். அதில் பாசம் துளியும் இல்லை. நான் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு எழுந்துபோனேன்.

மாவட்ட அலுவலகத்துக்கு வேனில் போனோம். மேடமும் வந்தார். ஆனால் உள்ளே வரமாட்டேன் என்றார். அவர் பேசினால் அது அவருடைய கோரிக்கையாகிவிடுமாம். என் பக்கத்தில் பாய் உட்கார்ந்திருந்தார்.

"வயிறா?" என்றார்.

"இல்லையே."

"மூஞ்சியே சொல்லுது. உள்ளார போயி எங்களைக் கவுத்துடாத பொம்மைக்காரரே. கவுத்தீன்னா வூடு வரைக்கும் வருவேன்."

கடுமையான அதிகாரிக்கு நாங்கள் தயாராகியிருந்தோம். இருந்தவரோ தங்கமானவர். நாற்காலி போடச் சொன்னார், பிஸ்கட் வந்தது. தலைவர் சால்வையைப் போர்த்தி போனைப் பார்த்துச் சிரித்தார். அதிகாரி, "உங்க கஷ்டம் எனக்குத் தெரியும். பரிசீலிக்கிறோம்" என்றார். எல்லாரும் திருப்தியாக எழுந்தார்கள். பரிசீலிக்கிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். இருந்தும் எழுந்தார்கள்.

நான் பேச வேண்டும். மனப்பாடம் செய்ததில் வணக்கம் மட்டும் மிச்சமிருந்தது. அதையும் உள்ளே வந்தவுடனே செலவு செய்துவிட்டேன். அப்போது வாய் தானாகத் திறந்தது. வந்தது என் குரல் இல்லை. ஒத்திகை அதிகாரியின் குரல், அதே மூக்கோடு.

"நீங்கதானே ஒருத்தர் மேல ஒருத்தர் மனு போட்டீங்க?"

அதிகாரி திடுக்கிட்டார். "நானா?"

"இல்ல சார். நாங்க. நாங்கதான் சார் போட்டோம்."

தலைவர் என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார். அதிகாரி பிஸ்கட்டைத் தட்டில் திரும்ப வைத்தார். அந்தத் தங்கமான முகத்துக்குள்ளிருந்து உண்மையான ஆள் வெளியே வந்தார்.

"உக்காருங்க எல்லாரும். வாரா வாரம் உங்க பஞ்சாயத்து. நான் சூளை நடத்துறதா, கோர்ட்டு நடத்துறதா? சேத்து அடுக்க விட்டா இனிமே எனக்கு மனு வராதுன்னு யாராவது சொல்ல முடியுமா?"

நான் பாயைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார், பிறகு தலைவரைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நினைத்தால் இன்றும் பிஸ்கட் இறங்காது.

"வராது சார். பொம்மை வெடிச்சுதுன்னா பொம்மைக்காரரை நானே பாத்துக்குறேன். உங்ககிட்ட வர மாட்டேன்."

சொன்ன விதத்தில் அதிகாரிக்கே என்மேல் இரக்கம் வந்துவிட்டது. கார்த்திகை வரை பழையபடி சேர்த்து அடுக்கலாம் என்றார். அதற்குள் ஒரு மனு வந்தாலும் உத்தரவு திரும்ப வரும்.

வெளியே மேடம் என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன். "சொல்லச் சொன்னேன். மூக்கால சொல்லச் சொல்லலையே" என்றார். அன்றிலிருந்து தலைவரிடமிருந்து எனக்குக் கழிப்பறைச் சாவி கிடையாது. சங்கக் கூட்டம் என்றால் நான் முதலில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய்விட்டுத்தான் வருகிறேன்.

கார்த்திகைக்கு விளக்கு ஆர்டர் குவிந்திருந்தது. அவசரத்தில் யானைகள் சரியாகக் காயவில்லை. டிராலி வெளியே வந்த மறுநாள் காலை பாய் என் பட்டறை வாசலில் நின்றார். கையில் ஒரு பியூஸ் கட்டை. அதன்மேல் என் யானையின் தும்பிக்கை, கிளேஸோடு உருகி, அங்கேயே பிறந்ததுபோல் ஒட்டியிருந்தது.

களிமண் தொட்டிக்குப் பின்னால் ஒளிய இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். இடம் இருந்தது, எனக்குத்தான் தொப்பை இருந்தது.

பாய் ஆரம்பித்தார். என் தொழிலில் தொடங்கி, அதைக் கற்றுக்கொடுத்தவரைத் தொட்டு, என் குடும்பத்துக்குள் நுழைந்தார். தெருவில் ஆட்கள் நின்றுவிட்டார்கள். தலைவரின் புல்லட் வந்து நின்றது. தும்பிக்கையைப் பார்த்ததும் அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"எதுக்குப் பாய் தொண்டைய கெடுத்துக்கறீங்க? நாலு வரி எழுதிக் குடுங்க. மேல அனுப்புறத நான் பாத்துக்குறேன்."

பாய் பேனாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் பட்டறை, அவர் பட்டறை, இன்னும் பத்துப் பட்டறை அந்தப் பேனாவின் முனையில் நின்றன. என் வயிறு தன் கருத்தைத் தெரிவித்தது.

"நீங்க போங்க தலைவரே" என்றார் பாய். "நான் இன்னும் திட்டி முடிக்கல."

புல்லட் கிளம்பிப் போகும்வரை காத்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எங்க வுட்டேன்?"

"என் மச்சான் வரைக்கும் வந்தீங்க பாய்."

"ஆங்" என்று பாய் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.