இரண்டு காதுக்கு நான்கு தோடுகள்

திண்டுக்கல்லில் போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு அவன் கையெழுத்து சொந்தமில்லை. மகஜர் என்று ஒரு தாள் உண்டு. எந்தப் பொருளை எங்கே கைப்பற்றினோம் என்று போலீஸ் எழுதியிருக்கும். கூட இருந்து பார்த்ததாக ஒரு சாட்சி கையெழுத்துப் போட வேண்டும். ஏட்டையா சாலையைக் கடந்து வருவார். நான் படிக்காமலே போடுவேன். கடையை விட்டு நகராமல் சிறுமலையில் கத்தியையும் கொடைரோட்டில் சைக்கிளையும் பார்த்த ஆள் நான்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அப்படித்தான் ஒரு ஜோடி தோட்டையும் பார்த்தேன். தனியாக இருந்த பூக்காரம்மாவை யாரோ கொன்று தோட்டைக் கழற்றியிருந்தார்கள். பக்கத்து வீட்டில் குடியிருந்த மில் தொழிலாளியின் டிரங்குப் பெட்டியில் அது கிடைத்ததாக மகஜர். கோர்ட்டிலும் ஏறி, "ஆமா, பார்த்தேன்" என்றேன். அவருக்கு ஆயுள் தண்டனை. அன்று மதியம் நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். நினைத்தால் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

போன வருஷம் வேறு மாவட்டத்தில் ஒருவன் மாட்டினான். தனியாக இருக்கும் பெண்களாகத் தேடித் தேடிக் கொன்றவன். கேட்காமலேயே எங்கள் பூக்காரம்மாவையும் ஒப்புக்கொண்டு, சிறுமலை அடிவாரத்தில் புதைத்திருந்த தோட்டைத் தோண்டிக் கொடுத்தான். பழைய வழக்கு மறுபடி திறந்தது.

புதிய ஏட்டையா அந்தத் தோட்டுக்கான மகஜரோடு நேராக என் கடைக்கு வந்தார். "இந்தக் கேஸ் உனக்குப் பழக்கந்தானே அப்பு, போடு."

"போன தடவையும் நாந்தானே சார் அந்தம்மா தோட்டப் பாத்தேன்?"

"அதுக்கென்ன? ரெண்டு செட்டு வச்சிருந்திருக்கும்."

அடையாளம் காட்ட வந்த பூக்காரம்மாவின் மகள் ஸ்டேஷன் வாசலில் கத்தினாள். "எங்கம்மாவுக்கு ரெண்டே காதுதான் சார்! மொதல்ல காட்டுனது அவங்க தோடு இல்லேன்னு அப்பவே சொன்னேன். அழுத கண்ணுக்குத் தெரியாதுன்னுட்டீங்க."

நிஜத் தோட்டையும் நான் பார்க்கவில்லை, பொய்த் தோட்டையும் பார்க்கவில்லை. நடுவில் ஒரு மனிதர் ஜெயிலில் இருக்கிறார். பேனாவை மூடிவிட்டு மதுரைக்கு பஸ் ஏறி, அவருடைய அப்பீலை நடத்தும் வக்கீலிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அப்போ எந்தத் தோட்டைத்தான் பார்த்தீர்கள்?" என்று அப்பீல் விசாரணையில் என்னைக் கூண்டில் ஏற்றி நீதிபதி கேட்டார்.

"தாளை மட்டும்தான் ஐயா."

கோர்ட்டே சிரித்தது. பொய்ச் சாட்சி சொன்னதற்கு என்மேல் வழக்கு வரும் என்கிறார்கள். வரட்டும்.

விடுதலையான அவர் ஒரு நாள் காலையில் கடைக்கு வந்தார். தீர்ப்பை மூன்று காப்பி எடுக்கச் சொன்னார். பிறகு, வேடசந்தூர் பக்கம் ஒரு மில்லில் வேலை கேட்கும் விண்ணப்பத்தை நீட்டினார். அடியில், 'இவரை நேரில் அறிவேன்' என்று ஒருவர் கையெழுத்திட வேண்டும்.

"போடுங்கண்ணே. பாக்காமத்தானே போடுவீங்க?"

நிமிர்ந்து பார்த்தேன். இடது புருவத்தில் ஒரு தழும்பு, காதோரம் நரை. கூண்டில் நின்ற இரண்டு தடவையும் நான் நீதிபதியை மட்டுமே பார்த்திருந்தேன். அவர் முகத்தை அன்றுதான் பார்க்கிறேன்.