காளாஞ்சி வாங்கியது யார்?

என் வீட்டு முன்கூடத்தில், சாமிப் படங்களுக்குச் சற்றுத் தள்ளி, ஒரு படம் தொங்குகிறது. சட்டையில்லாத மார்பெல்லாம் சந்தனம் பூசிய பருத்த மனிதர் ஒருவர், இரண்டு கைகளையும் நீட்டிக் குருக்களிடமிருந்து ஒரு தட்டத்தை வாங்குகிறார். தட்டத்தில் தேங்காய், வெற்றிலை, பாக்கு, பழம். வாங்குகிறவரின் முகத்தைப் பார்த்தால் அந்தத் தட்டத்துக்கு மேல் உலகத்தில் வேறொன்றும் இல்லை என்று தோன்றும். அவர் என் மாமா, அம்மாவின் அண்ணன். படத்தை என் போனில் பிடித்தவள் நான். "இதென்ன, சாமிக்குப் பக்கத்தில மாமாவக் கொழுவி வைச்சிரிக்கிறாய்?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள். ஓட்டப் பந்தயத்தில் வென்றவர்கள் கேடயத்தை மாட்டி வைப்பதில்லையா? இது என் கேடயம் என்பேன்.

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அப்பா இறந்துபோனார். எங்கள் வழக்கப்படி கலியாணம் முடித்த ஆண், மனைவியின் வீட்டில்தான் இருப்பான். மாமாவும் இரண்டு ஒழுங்கை தள்ளி மாமியின் வீட்டில்தான் இருந்தார். ஆனாலும் விடிந்தால் எங்கள் படலையைத் திறந்துகொண்டு வருவார். உப்பு இருக்கா, விறகு இருக்கா, புள்ள பள்ளிக்கூடம் போனவளா என்று கேட்டுவிட்டுத்தான் வயலுக்குப் போவார். எனக்கு வந்தாறுமூலைப் பல்கலைக்கழகக் கம்பஸில் இடம் கிடைத்தபோது, முதல் நாள் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவிட்டவர் அவர்தான். இறக்கிவிட்டுத் திரும்பிப் போனாரா? இல்லை. பின்னேரம் வரை வாசலில் நின்று, காவலாளியோடு சண்டையும் பிடித்து, என்னைத் திரும்பக் கூட்டிக்கொண்டுதான் வந்தார். வெட்கத்தில் எனக்கு உயிர் போயிற்று. இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பும் வருகிறது, கண்ணும் கலங்குகிறது.

அவருக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, பிற்காலத்தில் வாங்கிய வெள்ளைக் கார். மற்றது காளாஞ்சி. வாவிக்கு மேற்கே, எங்கள் படுவான்கரைக் கோயில்களில் திருவிழா முடிவில் குடி குடியாகப் பெயர் சொல்லி அழைத்து மரியாதைத் தட்டம் கொடுப்பார்கள், அதுதான் காளாஞ்சி. குடி என்பது தாய் வழியாக வருவது. மாமாவும் அம்மாவும் நானும் ஒரு குடி. மாமாவின் மகன் மாமியின் குடி. எங்கள் குடியின் வண்ணக்கராகக் கோயில் காரியம் பார்த்தவர் மாமா என்பதால், ஒலிபெருக்கியில் எங்கள் குடியை அழைத்ததும் அவர்தான் போய்க் காளாஞ்சி வாங்குவார். அதற்காக இரண்டு நாள் விரதம், புது வேட்டி, ஒரே அமர்க்களமாக இருக்கும். நான் சொல்லும் அந்த வருடத்தில் பெண்கள் பக்கம் நெருக்கியடித்து நின்று அந்தக் கணத்தைப் படம் பிடித்தேன். கண்ணாடி போட்டு அவருக்கே கொடுத்தேன். மாமி வீட்டு முன்கூடத்தில், ஆறு மணிக்குச் செய்தி பார்க்கிற கதிரைக்கு நேரே அதை மாட்டிக்கொண்டார்.

அதே திருவிழாப் பின்னேரத்தில்தான் கார் விபத்துக்குள்ளானதும். வயல் வட்டைக்கு நடுவே போகும் றோட்டில், நெல் மூட்டை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தோடு மோதி, காரின் முன்பக்கம் நொறுங்கிவிட்டது. மாமாதான் ஓட்டினார் என்று வீட்டில் சொன்னார்கள். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற ஆறுதலில் நானும் எதையும் யோசிக்கவில்லை. நல்ல முட்டாள் நான்!

மூன்று கிழமை கழித்து அந்த விபத்தின் இழப்பீட்டுக் கோவை என் மேசைக்கே வந்தது. நகரத்தில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் இழப்பீட்டுப் பிரிவில் எனக்கு வேலை. தினமும் பாலம் கடந்து போய் வருவேன். படிவத்தில் மாமாவின் உருண்டை உருண்டையான கையெழுத்து. வாகனத்தை ஓட்டியவர்: தானே. நேரம்: மாலை ஐந்தரை. குறுக்கே புகுந்து மோதியது உழவு இயந்திரம். நேரத்தை இரண்டு தரம் வாசித்தேன். போனை எடுத்துப் படத்தைப் பார்த்தேன். திகதி அதே திகதி, நேரம் ஐந்து இருபத்தெட்டு. மாமா கோயிலுக்குள் தட்டத்தோடு நிற்கிறார். அந்த வீட்டில் கார் ஓடத் தெரிந்த மற்ற ஆள் மாமாவின் மகன்தான். அந்தக் கோயிலில் மாமியின் குடிக்கு மரியாதை இல்லை. ஆகையால் கோயிலில் வேலையில்லாத அவன், லைசன் இல்லாதவன், திறப்பை எடுத்துக் காரைக் கொண்டுபோயிருக்கிறான். ஊரே பார்த்த காளாஞ்சி அது. ஊரே வாயை மூடிக்கொண்டது. என்னைச் சுட்டது அதுவல்ல. காப்புறுதிக் கந்தோரில் நம்மட புள்ள இரிக்கிறாள்தானே என்ற நம்பிக்கையில்தான் அவர் அதை எழுதியிருக்கிறார்.

மறுநாள் உழவு இயந்திரக்காரர் கந்தோருக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். சிறுபோக அறுவடை உச்சத்தில் நிற்க, பொலிஸ் அவருடைய லைசனை எடுத்து வைத்திருந்தது. அறுவடை முடிந்தால் மாரி வரை அவருக்கு வேறு ஓட்டம் இல்லை. நான் யாருடைய மருமகள் என்று அவருக்குத் தெரியாது.

"தங்கச்சி, கார ஓடி வந்தது ஒரு இளந்தாரி. இறங்கி ஓடிற்றான். கொஞ்ச நேரத்துக்கு மறுகாத்தான் வண்ணக்கர் ஐயா வந்தாரு, மேலுக்குச் சட்டையில்லாம, சந்தனத்தோட. அவரு தான் ஓடினதெண்டு சொல்றாரு. கோயில் மனிசன் பொய் சொல்லுவாரா? எனக்கே இப்ப சந்தேகமா இரிக்கு, நான்தான் பிழை விட்டனோ எண்டு."

அந்தக் கடைசிப் பேச்சு என்னை உலுக்கிவிட்டது. லைசன் போனால் திரும்ப வாங்கலாம். தன் கண்ணால் கண்டதையே ஒரு மனிதன் நம்பாமல் போக, அதற்கு என் மாமாவின் சந்தனம் காரணமாக இருக்கலாமா? 

சனிக்கிழமை மாமி வீட்டுக்குப் போனேன். மாமா மறைக்கவே இல்லை.

"ஓம், மகன்தான் ஓடினவன். வெளிநாடு போக மெடிக்கலும் முடிஞ்சுது. பொலிஸ் கேஸ் விழுந்தா எல்லாம் நாசம். அந்த மிசின்காரனுக்கு நானே ஆளப் புடிச்சு லைசன எடுத்துக் குடுப்பன். நீ கையெழுத்த வைச்சு அனுப்பு."

எனக்கு வந்ததே கோபம். சுவரில் தொங்கிய படத்தைக் காட்டினேன்.

"அண்டைக்குக் கார் ஓடினது நீங்கதானெண்டா, நம்மட குடிக்குக் காளாஞ்சி வாங்கினது ஆரு மாமா?"

அவர் முகம் கறுத்துப்போயிற்று. "உன்னப் படிப்பிச்சது இதுக்கா புள்ள?" என்று மட்டும் கேட்டார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

அதற்குள் அம்மாவுக்குச் செய்தி போய்விட்டிருந்தது. "மாமா இல்லாட்டி நீ கம்பஸ் வாசல மிதிச்சிருப்பியா? அவர மறியல்ல கம்பி எண்ண வைச்சுப் பார்க்கப் போறியா?" என்று அழுதார். அம்மா சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அதுதான் கொடுமை. கோவையை இன்னொருவரிடம் தள்ளிவிட்டுப் பேசாமல் இருக்கலாமா என்றுகூட யோசித்தேன். யாரும் என்னைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் உழவு இயந்திரக்காரர் வீடு வீடாகப் போய், பிழை தன்னுடையதுதான் என்று சொல்லத் தொடங்கியிருப்பார். கம்பஸ் வாசலில் பகல் முழுக்க எனக்காக நின்ற மனிதரை நான் கைவிடவில்லை. அவர் எழுதிய பொய்யைத்தான் கைவிட்டேன். இப்போது இதை அழகாகச் சொல்கிறேன். அன்று நாலு தாளைக் கிழித்துப்போட்ட பிறகுதான் கடிதத்தை எழுதினேன்.

திங்கட்கிழமை காலை, படத்தின் பிரதியோடு ஒரு கடிதத்தை முகாமையாளரிடம் கொடுத்தேன். 'இவர் என் தாய்மாமன். இந்தக் கோவையை நான் பார்க்கக் கூடாது. அந்த நேரத்தில் இவர் கார் ஓட்டவில்லை.' அவ்வளவுதான். முகாமையாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "யோசிச்சுத்தான் தாறீங்களா?" என்றார். ஓம் என்றேன்.

பத்து நாள் கழித்து மாமாவை விசாரணைக்கு அழைத்தார்கள். பலகைத் தட்டிக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன். ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அவர் மறுத்துவிடுவார் என்றே நினைத்தேன். அது போன வருடத்துப் படம், போனில் திகதி பிழை என்று ஒரு வார்த்தை போதும். ஊரில் ஒருவரும் அவருக்கு எதிராக வாய் திறக்கப்போவதில்லை. பழி என் தலையில் விழும், வேலையும் போகலாம். விசாரிக்க வந்த அதிகாரி படத்தை மேசையில் வைக்கும் ஓசை கேட்டது.

"இந்த நேரத்தில இதில நிற்கிறது நீங்களா?"

மாமா கதிரையை முன்னுக்கு இழுத்தார். 

"நான்தான்," என்றார் மாமா. "நம்மட குடி மரியாதை அது. அத நான் வாங்கல்ல எண்டு என்ட வாயால சொல்லேலா. கார ஓடினது மகன். மிசின்காரனில பிழையில்ல."

நான் மேசைக்குக் கீழே குனிந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அழுகையா, ஆனந்தமா என்று கேட்டால் இரண்டும்தான்.

கோரிக்கை தள்ளுபடியானது. மாமா தானே பொலிசுக்குப் போய் வாக்குமூலத்தை மாற்றினார். அப்பனுக்கும் மகனுக்கும் நீதிமன்றத்தில் தண்டம் விழுந்தது. மகனுடைய வெளிநாட்டுப் பயணம் ஒரு வருடம் தள்ளிப்போனது, போகத்தான் செய்தான். லைசன் கையில் கிடைத்த அன்று உழவு இயந்திரக்காரர் கந்தோர் வாசலில் மிசினை நிறுத்தி, நான் வெளியே வரும்வரை ஹோர்ன் அடித்தார். "தங்கச்சி, நான் கண்டது சரிதானே!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். மூட்டைகளோடு அது பாலத்தில் ஏறி மறையும் வரை நின்று பார்த்தேன். அம்மா இரண்டு கிழமையில் பேசிவிட்டார். மாமா பேசவில்லை. எங்கள் படலை ஒரு வருடம் அவர் கையால் திறக்கப்படவில்லை. காலையில் அந்தச் சத்தம் கேட்காதது எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

அடுத்த திருவிழாவும் வந்தது. ஒலிபெருக்கியில் எங்கள் குடியை அழைத்தார்கள். மாமா போய்த் தட்டத்தை வாங்கினார். வழக்கமாக ஆண்கள் பக்கம் திரும்பித் தலை நிமிர்ந்து நடப்பார். அன்று பெண்கள் பக்கம் திரும்பினார். கூட்டம் விலகி வழிவிட்டது. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, நேரே என்னிடம் வந்து தட்டத்தை நீட்டினார்.

"பிடி புள்ள. நம்மட குடிக்குக் காளாஞ்சி வாங்கினது ஆரெண்டு கேட்டாய்தானே? இந்த முறை நீ."

எங்கள் கோயிலில் ஒரு பெண் கையில் காளாஞ்சி ஏறியதை அதற்கு முன் நான் கண்டதில்லை. ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. பேசியிருந்தால் மாமா விட்டிருக்கவும் மாட்டார்.

மறுநாள் விடியப் படலை திறக்கும் சத்தம் கேட்டது. மாமா கையில் படத்தோடு நின்றார். ஆணியும் சுத்தியலும் அவரே கொண்டுவந்திருந்தார். "இது உன்ட ஊட்டதான் இரிக்கோணும்," என்று கதிரையில் ஏறி, தன் கையாலேயே அடித்து மாட்டினார். இப்போது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. அந்தப் படத்துக்குக் கீழே இருந்து தேத்தண்ணி குடித்தபடி, வருகிறவர்களுக்கு முழுக் கதையையும் தன் வெற்றியாகவே சொல்லுவார். நானும் விட்டுவிடுவேன். கதை முடிந்ததும் யாராவது, "நல்ல படம், ஆரு பிடிச்சது?" என்று கேட்பார்கள். மாமா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் கையைக் காட்டுவார்.