அவர் வயிற்றுக் கட்டியும் பனிச்சங்கேணிக்காரியும்

எழுபத்தெட்டாம் ஆண்டுப் பெரும்புயல் அடிப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு என் புருஷன் வயிற்றில் ஒரு கட்டி வந்தது. தொப்புளுக்கு இடப்பக்கம், கையை வைத்து அழுத்தினால் பிடிபடும். சாப்பிட்டதும் வலிக்கும், வாந்தி வரும். திடமான மனிதர், தோள் எலும்பு தெரியுமட்டும் இளைத்துப்போனார்.

அது எங்கேயிருந்து வந்தது என்று நான் ஒருவரையும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். கருவாடு வாங்கப் பனிச்சங்கேணிக்குப் போகிறபோதெல்லாம் அவர் தன் அம்மான் மகள் வீட்டில்தான் சாப்பிடுவார். சின்ன வயதில் அவருக்கென்று பேசி வைத்திருந்தவள். அது நடக்காமல் வேறொருவரைக் கட்டி, அந்த மனிதரையும் கடலுக்குக் கொடுத்துவிட்டுத் தனியே இருந்தாள். முறைப்படி அவள் எனக்குத் தங்கச்சி. அவள் 'அக்கா' என்று கூப்பிடும்போதெல்லாம் என் அடிவயிறு எரியும்.

எங்கள் வழக்கத்தில் வீடு பெண்ணுக்கு. நாவற்குடாவில் என் சீதன வீட்டில், என் சோற்றைத் தின்றுகொண்டே ஒருநாள் இவர் சொன்னார்: "பனிச்சங்கேணிக் கொடுவா மீன்கறி மாதிரி வராது புள்ள." நான் கறிச்சட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

இடுமருந்து என்பார்கள். ஆணைத் தன் பக்கம் இழுக்க நினைப்பவள் சோற்றில் கலந்து கொடுப்பது. அது வயிற்றில் கட்டியாக உறைந்து கிடக்கும் என்று எல்லாரும் நம்பிய காலம். நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியும் தொட்டுப் பார்த்துவிட்டு அதையே சொன்னார்.

"சோத்தில குடுத்திரிக்கு மகள். கக்க வைச்சாத்தான் போகும்."

கக்க வைத்தார். பச்சையாகப் பித்தம்தான் வந்தது. கட்டி அசையவில்லை. மறுநாள் இவர் பாயை விட்டு எழும்பவில்லை. அதன் பிறகுதான் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டொக்டர் படம் பிடித்துப் பார்த்தார். புற்றுநோயோ என்ற சந்தேகத்தில் வயிற்றைத் திறந்தார். கட்டியை எடுக்க முடியவில்லை. கிள்ளினாற்போல ஒரு துண்டை மட்டும் வெட்டிச் சோதித்துப் பார்க்கக் கொழும்புக்கு அனுப்பினார். பதில் வருமட்டும் நான் வார்டு வாசலிலேயே கிடந்தேன். இவர் செத்தால் அவளும் வந்து என் பக்கத்தில் இருந்து அழுவாளே என்ற நினைப்புத்தான் முதலில் வந்தது. பிள்ளைகளின் நினைப்புப் பிறகு வந்தது.

"புற்றுநோய் இல்ல அம்மா," என்றார் டொக்டர். "குடலைத் தாங்கிப் பிடிக்கிற கொழுப்பு ஒண்டு இரிக்கு. அது அழற்சி வந்து தடிச்சு இறுகிப்போச்சு. நானே இப்பதான் முதல்ல காணுறன்."

"ஆரும் சாப்பாட்டில குடுத்ததா ஐயா?"

அவர் சிரித்தார். "ஆரும் குடுத்து வாறதில்ல. எதால வருதெண்டு எங்களுக்கே தெரியாது."

எனக்கு உயிர் வந்தது. கூடவே கோபமும் வந்தது. இவ்வளவு பெரிய கட்டிக்கு ஒருத்தியும் காரணமில்லையாம்!

விழுங்கச் சின்னச் சின்னக் குளிசைகள் கொடுத்தார்கள். கட்டி கரையத் தொடங்கியது. குளிசையால் இவர் முகம் பூசணிக்காய் போல ஊதியது. பசியோ பெரும்பசி. ஆனால் உப்பு ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். உப்பில்லாமல் நான் ஆக்கிக் கொண்டுபோவதை இவர் படுத்தபடியே முகத்தைச் சுளித்துச் சுளித்துத் தின்பார்.

அப்படியிருக்க, துணியால் கட்டிய சட்டியோடு பனிச்சங்கேணியிலிருந்து அவள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். இடுமருந்துப் பேச்சு அவள் காதுக்கும் போயிருக்க வேண்டும். கட்டிலருகே நின்று, சட்டியைத் திறந்து, அந்தக் கொடுவாக் கறியில் ஒரு பிடியைத் தன் வாயில் போட்டு மென்று விழுங்கிக் காட்டினாள்.

"பாத்தீங்களா அக்கா? இனிக் குடுக்கலாந்தானே? உப்பு ஆகாதெண்டு கேள்விப்பட்டன். புளியும் தேங்காய்ப்பாலுந்தான் விட்டிரிக்கன்."

"இஞ்ச கொண்டா புள்ள," என்று இவர் எழும்பி உட்கார்ந்தார். என்னைக் கூப்பிடுகிற அதே 'புள்ள'.

நான் கையை நீட்டிச் சட்டியை வாங்கிக்கொண்டேன்.

"டொக்டரிட்டக் கேட்டுத்தான் எதையும் குடுக்க ஏலும்."

விறாந்தையில் போய் உட்கார்ந்து, சட்டியின் அடி தெரியுமட்டும் நானே தின்றேன். பயப்பட ஒன்றுமில்லை; ஆரும் கொடுத்து வருவதில்லை என்றுதான் டொக்டர் சொல்லிவிட்டாரே. உப்பில்லாத கறிக்கு அவ்வளவு ருசி எப்படி வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவளிடம் கேட்கவும் மாட்டேன்.