அக்காவின் மரண அறிவித்தலில் இல்லாத வரி

இந்த நாட்டில் கோபத்துக்கும் நேர அட்டவணை இருக்கிறது. றேடியோவில் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கிப் பன்னிரண்டுக்கு முடியும். பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் நானூற்றியொன்று என்கிற பெருந்தெருவில் எந்தப் பக்கம் லொறி பிரண்டது என்று சொல்லுவார்கள், பிறகு மெத்தை விளம்பரம், பிறகு விட்ட இடத்திலிருந்து திரும்ப ஆத்திரம். ஊரில் கோபம் வந்தவன் வேலியில் நின்று கத்துவான், தொண்டை அடைத்தால் போய்ப் படுப்பான். இங்கே கோபப்படுகிறவனுக்குச் சம்பளம், காருக்குள் இருந்து கேட்கிறவனுக்குப் பொழுதுபோக்கு. ரொறொன்ரோவுக்குப் பக்கத்தில் மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்புகிற சமையற்கூடம் ஒன்றில் எனக்கு வேலை. தலையில் வலைத்தொப்பி, கையில் நீலக் கையுறை, எட்டு மணித்தியாலமும் மெலன் பழம் வெட்டவேண்டும். குளிர் அறைக் கதவுக்கு மேல் தட்டில் டோனாவின் றேடியோ இருக்கும். டோனா நியூஃபவுண்ட்லாந்துக்காரி, அறுபது வயது, எனக்குப் பக்கத்து மேசை. வீட்டில் கேக் சுட்டால் எனக்கும் ஒரு துண்டு கொண்டுவராமல் விடமாட்டாள். அவளுக்கு அந்த ஒன்பது மணிக்காரன் இல்லாமல் கை ஓடாது.

அந்த மனிசன் பேச்சுச் சுதந்திரத்துக்குக் காவல்காரன். அப்படித்தான் தன்னைச் சொல்லிக்கொள்ளுவான். பள்ளிக்கூடத்தில் கிறிஸ்மஸுக்கு வைக்கிற நத்தார் மரத்துக்குப் பெயர் மாற்றுகிறார்களாம், வாயைத் திறந்தால் மனித உரிமைக் கொமிஷனுக்கு இழுக்கிறார்களாம், இந்த நாட்டில் உண்மை பேச ஆளில்லையாம். இப்படியே மாதக்கணக்காய்ப் போனது. நானும் மெலனை வெட்டிக்கொண்டு, இவனுக்கு வேறு வேலை இல்லையா என்று நினைத்துக்கொண்டு இருந்தேன். அந்த இளவேனிலில் அவனுக்கு நத்தார் மரம் அலுத்துப்போய், நாங்கள் கிடைத்தோம்.

அப்போது, வன்னியில் நடந்த சண்டையை நிறுத்தச் சொல்லி, எங்கள் சனம் கையில் படங்களோடும் கொடிகளோடும் ரொறொன்ரோத் தெருக்களில் நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகுட்டிகளோடு பெருந்தெருவிலேயே ஏறி இருந்துவிட்டது. அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு றேடியோவுக்குத் திருவிழா. அகதி என்று வந்தவர்கள், எங்கள் வரியில் சாப்பிட்டவர்கள், இன்று எங்கள் தெருவை மறிக்கிறார்கள், பயங்கரவாதக் கொடி பிடிக்கிறார்கள், இவர்களைப் பிடித்து அனுப்ப இந்த அரசியல்வாதிகளுக்கு முதுகெலும்பு இல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆட்கள் போன் எடுத்துத் துப்பினார்கள். டோனா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “உன்னைச் சொல்லேல்லை, அவங்களைத்தான் சொல்லுறாங்கள்” என்ற மாதிரி ஆங்கிலத்தில் ஆறுதல் சொன்னாள். அந்த ‘அவங்களில்’ என் மனுசியும் என் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள் என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை.

அக்கா அங்கே, வன்னிச் சண்டைக்கு உள்ளுக்குள் இருந்தா. புவனா அக்கா, எனக்கு நேரே மூத்தவ. அத்தானும் மகள் தர்சினியும் அவவும் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டு, இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடற்கரை வரைக்கும் போய்விட்டார்கள் என்று தை மாதம் ஒரு போன் வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. நானும் அக்காவும் றேடியோ கேட்டு வளர்ந்த விதம் வேறு. யாழ்ப்பாணத்தில் கரண்டும் பற்றறியும் இல்லாத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ பாடவைப்போம். சுற்றுவது நான், கேட்பது அக்கா. அரசாங்கத்து றேடியோவையும் கேட்பா, இயக்கத்து றேடியோவையும் கேட்பா. இவங்கள் நூறு எண்டுவாங்கள், அவங்கள் பத்து எண்டுவாங்கள், நடுவிலை எங்கையோ செத்த சனம் கிடக்குது, அதை ஒருத்தனும் சொல்லமாட்டான் என்று சொல்லி வாயை நெளித்துக்காட்டுவா. ஊரில் அப்படிக் கதைப்பது ஆபத்து. அம்மா அவவின் வாயைப் பொத்தாத நாளில்லை.

அன்று பத்தரை மணி இடைவேளையில், லொறிகள் பின்னுக்கு வந்து நிற்கும் இடத்துக்குப் போய், அந்த நிகழ்ச்சிக்கு நானே போன் எடுத்தேன். என்ன விசரோ தெரியாது. முதலில் ஒரு பெண் எடுத்தாள். அறிவிப்பாளரோடு உடன்படுகிறீர்களா இல்லையா என்று கேட்டாள். என் அக்கா அங்கே இருக்கிறா என்றேன். அப்படியென்றால் உடன்படவில்லை என்று போடட்டுமா என்றாள். போடுங்கோ என்றேன். பதினைந்து நிமிடம் மெத்தை விளம்பரங்களைக் கேட்டபிறகு அவன் வந்தான். நான் அக்காவிலிருந்து தொடங்கினேன். அவன் நிறுத்தினான். முதலில் பயங்கரவாதிகளைக் கண்டிக்கிறீரா, ஓம் அல்லது இல்லை என்றான். குண்டு போடுகிறவனையும் கண்டிக்கிறேன், சனத்தை வெளியில் விடாமல் மறித்து வைத்திருக்கிறவனையும் கண்டிக்கிறேன் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அது நேர்ப் பதில் இல்லை என்றான். லைன் வெட்டுப்பட்டது. உள்ளே ஓடிவந்தபோது றேடியோவில் அவன் சனத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்: பார்த்தீர்களா, அந்த ஆளை நான் கதைக்கவிட்டேன், அவருடைய நாட்டில் என்றால் சுட்டிருப்பார்கள், இதற்குப் பெயர்தான் சுதந்திரம். டோனா பெருமையோடு என் முதுகில் தட்டினாள். றேடியோவில் என் குரல் வந்தது அவளுக்குச் சந்தோசம்.

அதோடு விட்டதா? பின்னேரம் ஸ்காபரோவில் கறிவேப்பிலை வாங்கப் போன கடையில் எங்கடை தமிழ் றேடியோ அலறிக்கொண்டிருந்தது. ஒரு நேயர் போனில் கத்தினார், வெள்ளைக்காரனுக்கு முன்னால் இனத்தைக் காட்டிக்கொடுத்த நாய் ஒன்று இன்று காலை கதைத்ததாம், அதின்ரை வீட்டு விலாசம் தெரிந்தவர்கள் சொல்லவேண்டுமாம். நிகழ்ச்சி நடத்துகிறவர் குணம் அண்ணை. எனக்குப் பதினைந்து வருசப் பழக்கம், என் மூத்தவளின் பிறந்தநாளுக்கு வந்து சாப்பிட்டவர். நேயர்களின் உணர்வைத் தடுக்கேலாது என்றார். கடைக்கு வெளியே நின்று போன் எடுத்தேன். குணம் அண்ணை, நான்தான் என்றேன். உடனே பாட்டுப் போட்டார். எழுச்சிப் பாட்டு. சீ என்று போனது எனக்கு. அங்கே மெத்தை, இங்கே பாட்டு, வெட்டுவது ஒரே கத்தி.

ஒரு கிழமையில் சண்டை முடிந்தது. முடிந்து பத்து நாள் கழித்து, வவுனியா முகாமிலிருந்து யாரோ ஒருவரின் போனில் தர்சினி கதைத்தாள். பத்தொன்பது வயதுப் பிள்ளை, குரலில் ஒரு ஈரமும் இல்லை. அத்தான் பங்குனியில் பங்கர் வாசலில் ஆமியின் ஷெல்லில் போய்விட்டார். அதற்குப் பிறகு தாயும் மகளும் விடியப்புறம் தண்ணிக்குள் இறங்கி ஆமியின் பக்கம் வர வெளிக்கிட்டிருக்கிறார்கள்.

“தண்ணி இடுப்பளவு மாமா. அம்மா எனக்குப் பின்னாலை வந்தவ. சூடு பின்னாலை இருந்து வந்தது.”

“பின்னாலை எண்டால்?”

“நாங்கள் விட்டிட்டு வந்த பக்கத்தாலை.”

தூக்க ஏலாமல் விட்டிட்டு வந்திட்டன் மாமா என்றாள். போன் கொடுத்தவர் பக்கத்தில் நின்று நேரம் போகுது என்று சொல்வது கேட்டது.

மரண அறிவித்தல் வாசிக்காமல் எங்கடை ஆட்களுக்குச் சாவு முடிவதில்லை. எங்கடை ஊர்ச் சனம் அல்லாத தமிழ் வாசகர்களுக்கு இது விளங்காது, சொல்லுகிறேன். பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், ஆருக்கு மகள், ஆருக்குச் சகோதரி, அந்தச் சகோதரர்கள் எந்தெந்த நாட்டில், எல்லாம் றேடியோவில் இரண்டு தரம் வாசிக்கவேண்டும். அப்போதுதான் பாரிஸில் இருக்கிற மச்சாளும் லண்டனில் இருக்கிற சித்தப்பாவும் தலைக்குத் தண்ணி வார்ப்பார்கள். உடலே இல்லாத அந்த வருசத்தில் அறிவித்தல்தான் உடல். நான் ஒரு தாளில் எழுதினேன். அத்தான் இராணுவத்தின் எறிகணையில் கொல்லப்பட்டார் என்று ஒரு வரி. அக்கா தப்பி வரும் வழியில் இயக்கத்தின் பக்கமிருந்து வந்த சூட்டில் கொல்லப்பட்டார் என்று அடுத்த வரி. இரண்டும் உண்மை. கொண்டுபோய்க் குணம் அண்ணையிடம் கொடுத்தேன்.

கண்ணாடியைப் போட்டு வாசித்தார். பேனையை எடுத்து இரண்டாவது வரியை வெட்டி, முதல் வரியில் ‘கொல்லப்பட்டார்’ என்பதைக் ‘கொல்லப்பட்டனர்’ என்று மாற்றினார். இருவரையும் ஒரே ஷெல்லில் போட்டுவிட்டார். அண்ணை, இது பொய் எல்லோ என்றேன்.

“உண்மையை ஆர் வேண்டாமெண்டது? இப்ப சொல்லுற நேரமோ? அங்கை ஆமிக்காரன் வெண்டு போட்டு வெடி கொளுத்திக்கொண்டு நிக்கிறான். நீ அவன்ரை கையிலை நெருப்புப்பெட்டி குடுக்கிறாய்.”

அவர் கதவைச் சாத்திவிட்டு, மெல்லமாக, “என்ரை தம்பியின்ரை பெடிச்சியும் அப்பிடித்தான் போனது. ஷெல் எண்டு இந்த மைக்கிலை நான்தான் வாசிச்சனான்” என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு இரக்கம் வந்திருக்கவேண்டும், வரவில்லை. செத்த பிள்ளைக்கே பொய் சொன்ன இந்த வாய்தான் என்னை நாய் என்று சொல்லவிட்டது என்ற அரியண்டம்தான் வந்தது. தாளைப் பறித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

காருக்குள் ஏற, போன் அடித்தது. அந்த ஆங்கில றேடியோப் பெண். என் நம்பரை எழுதி வைத்திருக்கிறார்கள். சண்டை முடிந்துவிட்டதாம், தன் சனத்தைப் பற்றியே துணிந்து பேசக்கூடிய தமிழர் ஒருவரைத் தேடுகிறார்களாம், இந்தமுறை அரை மணித்தியாலம் தருவார்களாம், வெட்டமாட்டார்களாம். குணம் அண்ணையில் இருந்த ஆத்திரத்தில் எல்லாவற்றையும் அவளுக்குச் சொல்லிப்போட்டேன். அக்கா சுடுபட்ட இடம் வந்ததும் அவள் குரலில் ஒரு துள்ளல் வந்தது. இது மிகவும் பலமான கதை என்றாள். பலமாம். அத்தான் ஷெல்லில் போனதையும் சொல்லுவேன் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, கேட்பவர்களுக்குக் குழப்பமாக இருக்கும், சகோதரியோடு மட்டும் நிற்போம் என்றாள். அங்கே அக்காவை வெட்டி அத்தானை வைத்தார்கள், இங்கே அத்தானை வெட்டி அக்காவைக் கேட்கிறார்கள். மாட்டேன் என்றேன். உங்களுக்குச் சுதந்திரமாகப் பேச விருப்பமில்லையா என்று அவள் உண்மையாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டாள். காறித் துப்பவேண்டும் போல இருந்தது. நன்றி சொல்லி வைத்தேன். இந்த நாடு எனக்குப் பழக்கிய மரியாதை அது.

கடைசியில் அறிவித்தல் போனது. கந்தசாமி புவனேஸ்வரி தம்பதியர் வன்னியில் காலமானார்கள். அவ்வளவுதான். எப்படி என்று இல்லை. குணம் அண்ணைக்கும் அது சரி, எனக்கும் வேறு வழி தெரியவில்லை. குணம் அண்ணையே குரல் தழுதழுக்க இரண்டு தரம் வாசித்தார். பாரிஸிலிருந்து மச்சாள் போன் எடுத்து அழுதா. எப்படி என்று அவவும் கேட்கவில்லை. எங்கடை ஆட்கள் கேட்கமாட்டார்கள். கேட்டால் தெரிந்துவிடும்.

இரண்டு கிழமை கழித்துத் தர்சினி திரும்ப எடுத்தாள். முகாமுக்குள் ஆமி அதிகாரிகள் கமெராவோடு வந்து, அம்மாவைச் சுட்டது ஆரென்று சொல்லு, சொன்னால் கெதியாய் வெளியில் விடுவோம் என்றார்களாம். என்ன பிள்ளை சொன்னனீ என்று கேட்டேன். “காய்ச்சல் எண்டு எழுதச் சொல்லிப்போட்டன் மாமா” என்றாள். “அப்பாவைக் கேக்காதவங்களுக்கு நான் ஏன் அம்மாவைச் சொல்லவேணும்?” அவளுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் இங்கே என்ன செய்தேன் என்றும் அவளுக்குத் தெரியாது. போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதேன். தர்சினியை வெளியில் விட இன்னும் எத்தனை மாதமோ என்று மனுசியிடம் சொன்னேன். காய்ச்சல் என்றதைச் சொல்லவில்லை.

அடுத்த நாள் வேலையில் டோனா ஒரு கார்ட் கொண்டுவந்து தந்தாள். அக்கா செத்ததை லீவு கேட்டபோது வேலையில் சொல்லியிருந்தேன். துக்கம் விசாரிக்கிற கார்ட், வெள்ளைப் பூப் போட்டது. எங்கள் பகுதியில் வேலை செய்கிற எல்லாரும் உள்ளே கையெழுத்து வைத்திருந்தார்கள். பார்த்துக்கொண்டு போனால் நடுவில் என் கையெழுத்தும் கிடக்கிறது. இங்கே ஆருக்காவது பிறந்தநாள், பிள்ளைப்பேறு, இளைப்பாறல் என்றால் கார்ட் கைமாறும். ஆருக்கு என்று பாராமல் கையெழுத்து வைத்துப் பக்கத்தில் தள்ளிவிடுவது என் வழக்கம். மெலன் ஈரத்தோடு இதிலும் வைத்திருக்கிறேன். டோனாவுக்குக் காட்டினேன். அவள் வாயைப் பொத்திச் சிரித்து, சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டு, எட்டி றேடியோவின் சத்தத்தைக் குறைத்தாள். ஒன்பது மணிக்காரனுக்கு அன்று வேறு விசயம் கிடைத்திருந்தது.

சகோதரி எப்படிச் செத்தாள் என்று கேட்டாள். இத்தனை நாளில் அப்படிக் கேட்ட ஒரே ஆள் அவள்தான். உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டாள். சொல்ல வாயெடுத்தேன். பன்னிரண்டு மணிக்குள் அந்த ஒன்பது மணிக்காரனின் போன் நம்பரை அவள் அடிக்கமாட்டாள் என்று ஆருக்குத் தெரியும்? அடித்தாலும் நல்ல மனதோடுதான் அடிப்பாள், எனக்கு உதவி செய்வதாக நினைத்து.

“காய்ச்சல்” என்றேன்.

டோனா என் ஈரக் கையுறையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில், கட்டிலில்தானே போனாள், பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள்தானே என்று கேட்டாள்.

ஓம் என்றேன்.